பெரிய மீன் தொட்டிக்கு வீட்டில் அடித்த ஸ்டான்ட்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இலகு: 16 கன அடி. ஒரு கன அடித் தண்ணீர் 28.3 கிலோ, ஆக 453 கிலோ. 12 மில்லிமீற்றர் கண்ணாடி சதுர மீற்றருக்கு 30 கிலோ. இந்த அளவுத் தொட்டிக்குக் கிட்டத்தட்ட 90 கிலோ வரும். இரண்டு அங்குலத்துக்குச் சரளை போட்டால் இன்னொரு 60. விளிம்புவரை நிரப்புவதில்லை, சரளையும் தண்ணீரின் இடத்தைக் கொஞ்சம் பிடிக்கிறது என்று கழித்தாலும் 550 கிலோ அளவில் நிற்கும். கீழே சொல்வதெல்லாம் 600 கிலோ என்று வைத்துத்தான். ஆறடித் தொட்டி என்றால் 900.

600 என்று கேட்டதும் எல்லோரும் செய்வது காலைப் பருமனாக்குவது. அது தேவையில்லாத செலவு. இரண்டு அடிக்குக் குறைந்த நேரான 4×2 அங்குல மரக்கால் ஒன்று தனியே ஒரு தொன்னைத் தாங்கும். ஸ்டான்டில் அப்படி நாலு நிற்கிறது. கால் நசிந்து விழுந்த ஸ்டான்ட் அபூர்வம். பிழை வருவது வேறு இடங்களில்: பாரம் மரத்திலிருந்து மரத்துக்கு இறங்காமல் ஆணியில் தொங்குவது, பக்கவாட்டில் சாய்வது, மேல்சட்டம் முறுகியிருப்பது, காலுக்குக் கீழே தரை இளகுவது, அடியில் ஈரம் தங்குவது. எது என்று பிரித்துப் பிடித்துவிட்டால் திருத்தம் பெரும்பாலும் ஒரு நாள் வேலைதான்.

முதலில்: உடனே தண்ணீரை இறக்க வேண்டிய அறிகுறிகள்

மூட்டு ஒன்று கண்ணுக்குத் தெரிய வாய் பிளந்திருக்கிறது. கால் நேற்றைவிட இன்று அதிகம் சாய்ந்திருக்கிறது. "டக்" என்று ஒரு பெரிய சத்தம் கேட்டு அதன்பின் தொட்டியின் நிலை மாறியிருக்கிறது. கண்ணாடியில் மயிரிழைக் கீறல். சிலிக்கோன் மூட்டில் கசிவு. இவற்றில் ஒன்று இருந்தாலும் காரணம் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள், தண்ணீரை மூன்றில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சும்வரை இறக்குங்கள். அரை அங்குலக் குழாய் ஒன்றால் 300 லீற்றர் இறங்க அரை மணித்தியாலத்துக்குக் குறையாது, ஆகவே இரண்டு மூன்று குழாய்களை ஒரே நேரத்தில் போடுங்கள். மீன்களை ஒரு பிளாஸ்டிக் பரலில் விட்டுக் காற்றுக்கல்லைப் போட்டால் ஒன்றிரண்டு நாள் தாக்குப்பிடிக்கும்.

தொட்டி நிறைந்திருக்கும்போது ஜாக்கி வைத்துத் தூக்குவது, ஆப்பு அடிப்பது, இரண்டு பேர் பிடித்து நேராக்கப் பார்ப்பது எல்லாம் கூடாது. 600 கிலோ நகரத் தொடங்கினால் கையால் மறிக்க முடியாது.

மற்ற அறிகுறிகளுக்கு அவசரம் இல்லை. ஆற அமர அளக்கலாம்.

அறிகுறி: விரலால் தள்ளினால் ஆடுகிறது

இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பினால் திருத்தம் பிழைக்கும்.

முதல் வகை, காலொன்று தரையில் படாமல் நிற்பது. பழைய போன் கார்ட் அளவு மெல்லிய அட்டை ஒன்றை ஒவ்வொரு காலுக்குக் கீழும் நுழைத்துப் பாருங்கள். நுழைகிற கால்தான் குற்றவாளி. இதற்கு அடியில் தகடு வைப்பதே மருந்து. எப்படி வைப்பது என்று அடுத்த பகுதியில் இருக்கிறது.

இரண்டாவது வகைதான் ஆபத்து. எல்லாக் காலும் தரையில் படுகிறது, ஆனால் ஸ்டான்டின் மேல்பகுதி நீளவாக்கில் போய் வருகிறது. பின்சுவரில் மேல்சட்டத்துக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் ஒரு விரலால் தள்ளி, கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் பரவாயில்லை. 3 மில்லிமீற்றர் என்றால் தண்ணீரைப் பாதிக்கு இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

காரணம் இதுதான்: மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம், இடையில் கால்கள். முன்னாலிருந்து பார்த்தால் வெறும் நீள்சதுரம். நீள்சதுரத்துக்கு மூலையில் பிடி கிடையாது. ஒவ்வொரு மூலையிலும் உள்ள ஸ்குரூ ஆணி கதவுப் பிணைச்சல் மாதிரி வேலை செய்யும். தொட்டியில் தண்ணீர் அலையும்போதெல்லாம் அந்தப் பிணைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டையைப் பெருப்பிக்கும். போன மாதம் ஆடாத ஸ்டான்ட் இந்த மாதம் ஆடுவது இதனால்தான். கூடுதல் ஆணி அடிப்பதால் சில வாரங்கள் மறைந்திருக்கும், அவ்வளவே.

மருந்து, பின்பக்கத்தை முழுதாக மூடும் 12 மில்லிமீற்றர் பிளைவூட். ஒரே துண்டாக இருக்க வேண்டும். மேல்சட்டம், கீழ்ச்சட்டம், கால்கள் எல்லாவற்றிலும் 6 அங்குலத்துக்கு ஒன்றாக ஒன்றரை அங்குல ஸ்குரூ ஆணி. இரண்டு பக்கவாட்டையும் அதேபோல மூடுங்கள். முன்பக்கம் பில்டருக்குக் கை நுழைய வேண்டும் என்பதால் திறந்துதான் இருக்கும். அங்கே மேல் மூலைகளில் 8 அங்குல முக்கோணத் துண்டு இரண்டு காணும்.

பலகையை அடிக்க முன்பு ஒரு வேலை இருக்கிறது, பலர் விடுவது இதைத்தான். சாய்ந்த நிலையிலேயே பலகையை அடித்தால் அந்தச் சாய்வைப் பூட்டிவிட்டீர்கள். தொட்டியை முழுதாக வெறுமையாக்கி இறக்கிவிட்டு, பின்பக்கத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளவுங்கள். 48 அங்குல நீளமும் 30 அங்குல உயரமும் உள்ள ஸ்டான்டில் இரண்டும் 56.6 அங்குலம் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால், கூடிய மூலைவிட்டத்தின் வழியே கயிற்றை இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு தடியைச் செருகி முறுக்குங்கள். சட்டம் மெல்ல நேராகும். இரண்டும் சமமானதும் தடியைக் கட்டி நிறுத்தி, பலகையை அடித்து, அதன்பிறகு கயிற்றை அவிழ்க்கலாம்.

குழாய், வயருக்குத் துளை வேண்டுமென்றால் வட்டமாக, விளிம்பிலிருந்து 4 அங்குலம் தள்ளிப் போடுங்கள். பலகையின் மூலையை வெட்டிவிடுவது பலகையே இல்லாததுக்குச் சமம்.

அறிகுறி: தண்ணீர்க் கோடு ஒரு பக்கம் ஏறியிருக்கிறது

இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம், அளந்து பார்க்கிறவர்கள் குறைவு. நாலு மூலையிலும் கண்ணாடியின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர்வரை மில்லிமீற்றரில் அளந்து திகதியோடு எழுதுங்கள்.

முன் இடது 40, முன் வலது 43, பின் வலது 45, பின் இடது 42 என்று வந்தால் எதிரெதிர் மூலைகளைக் கூட்டுங்கள். 40 உம் 45 உம் 85. 43 உம் 42 உம் 85. கூட்டுத்தொகை சமம் என்றால் தொட்டி ஒரே தளமாகச் சரிந்திருக்கிறது. இது சாதாரணச் சரிவு. கூட்டுத்தொகை 3 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபட்டால் தொட்டி முறுகிக்கொண்டிருக்கலாம். கண்ணாடியை வெட்டியதில் விளிம்பு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் ஏறி இறங்குவதும் உண்டு. ஆகவே புதுத் தொட்டியைச் சமதரையில் வைத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒரு தடவை அளந்து எழுதி வைத்திருந்தால் பின்னால் உதவும்.

சாதாரணச் சரிவால் கண்ணாடி உடையாது. 24 அங்குல ஆழத்தில் கால் அங்குலம் கூடினால் கண்ணாடியில் விழும் மொத்தத் தள்ளல் இரண்டு சதவீதம்தான் கூடும். கவனிக்க வேண்டியது சரிவின் அளவை அல்ல, அது வளர்கிறதா என்பதை. 4 அடிக்கு 3 மில்லிமீற்றர் சரிவு, மூன்று மாதமாக மாறவில்லை: விட்டுவிடுங்கள். 6 மில்லிமீற்றர்: அடுத்த பெரிய தண்ணீர் மாற்றத்தில் திருத்துங்கள். வாரத்துக்கு வாரம் கூடுகிறது: எவ்வளவு சிறியதானாலும் தரையைப் பாருங்கள், மரம் உக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

திருத்தும்போது தகடு வைக்க வேண்டிய இடம் ஸ்டான்டுக்கும் தரைக்கும் இடையில். தொட்டிக்கும் ஸ்டான்டுக்கும் இடையில் ஒரு மூலையில் மட்டும் எதையாவது செருகினால், அந்த மூலைக் கண்ணாடி தனியே பாரம் சுமக்கும். கீறல் அங்கிருந்துதான் புறப்படும். தண்ணீரை 2 அங்குலம் மட்டும் மிஞ்சும்வரை இறக்குங்கள், முடிந்தால் சரளையையும் அள்ளுங்கள். தாழ்ந்த பக்கத்தை அலவாங்கால், அடியில் மரக்கட்டை வைத்து, தேவையான அளவுக்கு மட்டும் நெம்புங்கள். ஓரத்துக் காலுக்கு 6 மில்லிமீற்றர் என்றால் நடுக்காலுக்கு 3 மில்லிமீற்றர் வைக்க மறக்க வேண்டாம். மறந்தால் நடுக்கால் அந்தரத்தில் நிற்கும். தகட்டுக்கு பிவிசி அல்லது அலுமினியம் பாவியுங்கள். மடித்த கார்ட்போர்ட், தீப்பெட்டி, மெல்லிய பலகைச் சீவல் எல்லாம் வீடு துடைக்கும் தண்ணீரில் ஊறி மாதத்துக்குள் பாதியாகிவிடும்.

முறுக்கு வேறு விடயம். அதற்குத் தகடு வைத்துச் சமாளிக்க முடியாது. தொட்டியை இறக்கி மேல்சட்டத்தைச் சோதிக்க வேண்டும். எதிரெதிர் மூலைகளில் சின்ன ஆணி அடித்து இரண்டு நூல்களைக் குறுக்காக இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் இருந்தால் சட்டம் சமதளம். இடைவெளி தெரிந்தால் முறுகியிருக்கிறது. ஒரு நூல் மற்றதை அழுத்திக்கொண்டிருந்தாலும் முறுக்குத்தான், எதிர்ப்பக்கமாக. நூல்களை மேல் கீழ் மாற்றிக் கட்டினால் இடைவெளி தெரியும். நடுவில் 1 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி என்றால் உயர்ந்த இரண்டு மூலைகளைச் சீவுளியால் சீவி இறக்குங்கள். இரும்புச் சட்டம் என்றால் வெட்டித் திரும்ப ஒட்டத்தான் வேண்டும். இந்த நூல் சோதனைக்கு ஐந்து சதமும் செலவில்லை, ஸ்பிரிட் லெவலைவிட உண்மை சொல்லும். 4 அடி நீளத்தில் மட்டம் பார்க்க மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் டியூப்பே போதும்.

அறிகுறி: மேல்சட்டம் நடுவில் தொய்ந்திருக்கிறது

முன்சட்டத்தின் கீழ்விளிம்பில் ஓரத்திலிருந்து ஓரம் நூல் பிடித்தால் தெரியும். இல்லாவிட்டால் தொட்டியின் நடுப்பகுதிக்குக் கீழே டோர்ச் வெளிச்சம் மறுபக்கம் வருகிறதா என்று பாருங்கள்.

பொதுவான காரணம், 4×2 மரத்தைப் படுக்க வைத்தது. நிமிர்த்தி வைத்தால் 4 அங்குலமும் உயரமாக நிற்கும். படுக்க வைத்தால் 2 அங்குலம்தான் உயரம். தொய்வு நாலு மடங்கு வித்தியாசம். 4 அடிக்கு நடுக்கால் இல்லாமல் நிமிர்த்தி வைத்த நல்ல மரம் 2 மில்லிமீற்றர் அளவில் தொய்யும். படுக்க வைத்தது 8, 9 மில்லிமீற்றர். நீளமும் அப்படித்தான்: அதே சட்டத்தை ஆறடித் தொட்டிக்கு நடுக்கால் இல்லாமல் போட்டால் ஐந்து மடங்கு தொய்யும். அடிக்கு அடி பாரம் ஒன்றுதான், ஆனாலும்.

மரம் முதல் நாளோடு நின்றுவிடுவதுமில்லை. ஓயாத பாரத்தின் கீழ் மாதக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். அன்று 2 மில்லிமீற்றர் இருந்தது அடுத்த வருடம் 3, 4 ஆகலாம். பச்சை மரம் என்றால் இன்னும் கூட.

திருத்தம் இலகு: நடுவில் முன்னும் பின்னும் ஒவ்வொரு கால். இடைவெளி பாதியானால் தொய்வு பதினாறில் ஒன்றாகக் குறையும். தண்ணீரை இறக்கியபின் சட்டம் தானாக எவ்வளவு நிமிர்கிறதோ அந்த அளவுக்குக் காலை வெட்டி, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டிச் செருகுங்கள். தொய்ந்ததை நிமிர்த்துவோம் என்று நீளக் கூட்டி அடித்தால் நடுவில் மேடு விழும்; கண்ணாடிக்குப் பள்ளத்தைவிட மேடு கெட்டது.

இரும்பு தொய்யாது என்ற நம்பிக்கையும் பிழை. ஒன்றரை அங்குலம், 2 மில்லிமீற்றர் கனமுள்ள பொக்ஸ் பார் (உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாய்) 4 அடிக்கு நடுக்கால் இல்லாமல் போனால் இதே பாரத்துக்கு 5 மில்லிமீற்றர்வரை தொய்யும். நிமிர்த்தி வைத்த 4×2 மரத்தைவிட மோசம். உடையாது, ஆனால் தொய்யும்.

அறிகுறி: அடிக்கண்ணாடிக்கும் ஸ்டான்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் மட்டும் இடைவெளி, அல்லது அடியில் கீறல்

காரணம் பெரும்பாலும் சின்னது: பிதுங்கி நிற்கும் ஆணித்தலை, ஒரு மணல் பரல், காய்ந்த வார்னிஷ் திரட்சி. நம் பக்கம் விளிம்புச் சட்டம் இல்லாமல் சிலிக்கோனால் ஒட்டும் தொட்டிக்கு அடிக்கண்ணாடி முழுவதும் தாங்கல் வேண்டும்: 18 மில்லிமீற்றர் பிளைவூட், அதன்மேல் அரை அங்குல ரிஜிபோம் (தெர்மோகோல்) ஒரே தாளாக. டிவி வந்த பெட்டிக்குள் இருந்த துண்டுகளைப் பொருத்தி வைக்க வேண்டாம். ரிஜிபோம் மணல் பரலை விழுங்கும். முறுக்கையும் தொய்வையும் விழுங்காது. வெளிநாட்டிலிருந்து வந்த, பிளாஸ்டிக் சட்டத்தில் அடிக்கண்ணாடி உயர்ந்து நிற்கும் தொட்டி என்றால் ரிஜிபோம் வேண்டாம். அது சட்டத்தில்தான் நிற்க வேண்டும்.

கீறல் விழுந்த கண்ணாடிக்கு வெளியே சிலிக்கோன் பூசுவது வேலையல்ல. கண்ணாடியை மாற்றுங்கள்.

அறிகுறி: சத்தம் போடுகிறது

முதல் இரண்டு நாளில் கேட்கும் சின்னச் சின்ன "டிக்" சத்தம் மூட்டுகள் அமர்வது. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று (மேற்கிலிருந்து வரும் உலர்காற்று) அடிக்கும்போது பகலில் கேட்பது மரம் உலர்ந்து சுருங்குவது. இரண்டும் போகட்டும்.

தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே மூட்டில் சத்தம் வந்தால், அங்கே பாரம் மரத்தில் இல்லை, ஆணியில் இருக்கிறது. மூட்டுக்குக் குறுக்கே கூரான பென்சிலால் ஒரு கோடு கீறி ஒரு வாரம் விடுங்கள். கோடு முறிந்து படியாகத் தெரிந்தால் மரம் வழுக்குகிறது. மேல்சட்டத்தைக் காலின் பக்கத்தில் வைத்து ஆணி அடித்த ஸ்டான்ட் எல்லாவற்றிலும் இது வரும். சட்டம் காலின் தலையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆணி விலகாமல் பிடிக்கத்தான். திருத்த, ஒவ்வொரு காலோடும் ஒட்டி உட்பக்கமாக ஒரு துணைக்கால் செருகுங்கள்: மேல்சட்டத்தின் அடியிலிருந்து கீழ்ச்சட்டத்தின் மேல்வரை, இரண்டு முனையும் மரத்தில் முட்டும்படி. ஒளி தெரியும் இடைவெளி இருந்தால் அது கால் அல்ல, அலங்காரம்.

ஜிப்சம் போர்ட்டுக்கு வரும் கறுப்பு ஸ்குரூ ஆணியை ஸ்டான்டில் கண்டால் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அது வளையாது, முறியும். உப்புக்காற்றில் சீக்கிரம் கறலும் பிடிக்கும்.

அறிகுறி: காலுக்குக் கீழே டைல்ஸ் வெடிக்கிறது, அல்லது ஒரு கால் இறங்குகிறது

இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்புக் கல்லடி தொடக்கம் கல்முனை, அக்கரைப்பற்றுவரை கடற்கரையோர வீடுகளின் தரை மணலில் நிற்கிறது. அத்திவாரத்துக்குள்ளும் மணல்தான் நிரப்புவார்கள். நன்றாகத் தண்ணீர் விட்டு இறுக்காத இடத்தில் மேல் சீமெந்து அந்தரத்தில் நிற்கும். நாணயத்தால் தட்டிப் பாருங்கள்: "டொக் டொக்" என்று பொள்ளாகக் கேட்டால் அந்த இடம் வேண்டாம். 2011 ஜனவரியில் வந்ததுபோல வெள்ளம் வீட்டுக்குள் வந்து வடிந்தபிறகு, முன்பு நல்லாயிருந்த தரையையும் மறுபடி தட்டிப் பார்க்க வேண்டும். மணல் அரித்துப் போயிருக்கலாம். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் களிமண் நிலம் மாரியில் ஊதி, கோடையில் வெடிக்கும். அங்கே சரிவு பருவத்தோடு ஏறி இறங்கினால் ஸ்டான்டைக் குறை சொல்ல வேண்டாம்.

பாரத்தைப் பரப்புவதே வழி. ஒன்றரை அங்குல பொக்ஸ் பார் காலின் வெறும் வாய் தரையில் நின்றால் 150 கிலோவும் 3 சதுர சென்ரிமீற்றர் இரும்பு விளிம்பில் இறங்கும். சதுர சென்ரிமீற்றருக்கு 50 கிலோ. டைல்ஸ் வெடிக்காமல் என்ன செய்யும்? அதே காலுக்கு 6 அங்குலச் சதுரத் தகடு ஒட்டினால் சதுர சென்ரிமீற்றருக்கு முக்கால் கிலோகூட வராது. மர ஸ்டான்டில் கீழ்ச்சட்டம் முழு நீளத்துக்கும் தரையில் படுத்திருந்தால் தகடே தேவையில்லை.

மாடிவீடு என்றால் கவனம். வீட்டுத் தளத்துக்குப் பொதுவாக எடுக்கும் கணக்கு சதுர மீற்றருக்கு 150 கிலோ. நாலடித் தொட்டி தன் அடியில் 800 கிலோ போடும். கீழே சுவரோ வளையோ (பீம்) இருக்கும் இடத்தில், சுவரோரமாக மட்டும் வையுங்கள். ஆறடித் தொட்டிக்கு முன் எஞ்சினியர் ஒருவரைக் கேளுங்கள்.

அறிகுறி: மரம் கறுக்கிறது, ஊதுகிறது, மணக்கிறது

ஊசிமுனை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கால் அங்குலம் இலேசாக இறங்கினால் உக்கத் தொடங்கிவிட்டது. முதலில் குத்த வேண்டிய இடம் காலின் அடிமுனை. வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சுவதில் திரி மாதிரி. அடுத்தது ரிஜிபோமுக்குக் கீழே பிளைவூட்டின் பின்விளிம்பு. மூடியிலிருந்து வழிவது அங்கேதான் தங்கும்.

உக்கிய துண்டைத் தனியாக மாற்றலாம், தொட்டியை இறக்கிவிட்டு. எம்டிஎப், சிப்போர்ட் ஊதியிருந்தால் திருத்தம் கிடையாது. டிவி ஸ்டான்டில் தொட்டி வைப்பது பற்றியும் சொல்ல வேறொன்றுமில்லை.

மரம் தெரிவதில்: முதிரை, தேக்கு, மகோகனி, வேம்பு நன்றாக நிற்கும். பாலை இரும்பு மாதிரி, ஆனால் துளை போடாமல் ஆணி இறங்காது. மற்றவற்றுக்கும் முன்துளை போடுவது நல்லது. எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். மாரியில் மரக்காலையிலிருந்து ஈரத்தோடு கொண்டுவந்து உடனே அடித்த ஸ்டான்ட் கச்சானில் முறுகும். மேலே சொன்ன நூல் சோதனையில் அது பிடிபடும். வார்னிஷும் காய்ந்த மரத்துக்குத்தான். ஈரத்தை உள்ளே வைத்துப் பூசினால் உக்கல்தான் வேகமாகும். வெட்டுமுகங்களுக்கு மூன்று தரம் பூசுங்கள், மற்ற முகங்களுக்கு இரண்டு போதும்.

ஈரம் இருக்குமிடத்தில் வயரும் இருக்கும். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குப் போகமுன் பிளக்கைவிடத் தாழ்ந்து ஒரு வளைவு எடுத்துத்தான் ஏற வேண்டும். சொட்டும் தண்ணீர் அந்த வளைவில் விழுந்துவிடும். வீட்டில் ட்ரிப் சுவிச் (மின்கசிவு வந்தால் தானாக மின்சாரத்தை நிறுத்துவது) இல்லையென்றால் ஸ்டான்டைவிட அதுதான் முதல் செலவு.

அறிகுறி: இரும்பு ஸ்டான்டில் பெயின்ட் கொப்பளிக்கிறது

பொக்ஸ் பார் உள்ளிருந்துதான் கறல் பிடிக்கும். வெளியே தெரியும் கொப்பளம் கடைசிச் செய்தி. சின்னச் சுத்தியலால் காலின் அடிப்பகுதியையும் மேல்பகுதியையும் மாறிமாறித் தட்டுங்கள். மேலே "டிங்", கீழே "டொப்" என்றால் அடி தின்னப்பட்டிருக்கிறது. சத்தம் ஒன்றுபோல் இருந்தால் மேலோட்டக் கறல்தான்: வயர் பிரஷ்ஷால் இரும்பு வெளிக்கும்வரை தேய்த்து, ரெட் ஒக்சைட் ஒரு பூச்சு, எனாமல் இரண்டு பூச்சு. திறந்த முனைகளைத் தகடு வைத்து அடையுங்கள். ஜிஐ (நாகம் பூசிய இரும்பு) பாரை ஒட்டியிருந்தால் ஒட்டிய இடத்தில் நாகப்பூச்சு எரிந்துபோயிருக்கும், முதல் கறல் அங்கேதான்.

ஒட்டு முழு நீளத்துக்கும் ஓடியிருக்கிறதா, பொட்டுப் பொட்டாக மட்டுமா என்று பாருங்கள். பொட்டு ஒட்டு சட்டத்தை நிறுத்திப் பிடிக்கத்தான், பாரத்துக்கல்ல. தொட்டி மேலே இருக்கும்போது வெல்டிங் வேண்டாம். தெறிக்கும் பொறி கண்ணாடியில் பட்டால் போதும்.

அறிகுறி: காலில் மண்கோடு, அல்லது அடியில் மாப்போல தூள்

மண்கோடு கறையான், தூள் உளு. பூச்சி மருந்து அடிக்க வேண்டாம்: வீட்டில் பாவிக்கும் ஸ்பிரேக்களில் பெரும்பாலானவற்றில் உள்ள பைரித்ரொயிட் மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும், எயார் பம்ப் அதைக் காற்றோடு இழுத்துத் தண்ணீருக்குள் விடும். மண்கோட்டைத் தட்டிவிட்டு, எங்கிருந்து ஏறுகிறது என்று பாருங்கள். சுவரிலிருந்து என்றால் ஸ்டான்டை 2 அங்குலம் முன்னே இழுத்தால் பாதை அறும். மருந்து கட்டாயம் என்றால் தொட்டியை வேறிடத்துக்கு மாற்றிய பிறகுதான்.

திருத்திப் பயனில்லை, புதிதாக அடிக்க வேண்டும் என்றால்

48×24 அங்குலம், 30 அங்குல உயரம். 4×2 மரத்தில்: நீளச்சட்டம் 48 அங்குலம் 4, குறுக்குச்சட்டம் 20 அங்குலம் 6, கால் 22 அங்குலம் 6. மொத்தம் 37 அடி, கழிவோடு 42 அடி எடுங்கள். உள்மூலைக் கட்டைக்கு 2×2 மரம் 29 அங்குலத்தில் 6, அதற்கு 15 அடி. 12 மில்லிமீற்றர் பிளைவூட் ஒரு முழுத்தாளில் பின்பலகையும் இரண்டு பக்கமும் வந்துவிடும். மேலுக்கு 18 மில்லிமீற்றர் 48×24. 3 அங்குல ஸ்குரூ ஆணி 60, ஒன்றரை அங்குலம் 70.

ஓடாவியாரிடம் (தச்சரிடம்) கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை இரண்டு: சட்டங்கள் நிமிர்ந்து நிற்க வேண்டும், மேல்சட்டம் காலின் தலையில் இருக்க வேண்டும். ஆறு காலும் ஒரே நீளமாக வர, ஒன்றை அளந்து வெட்டி, மற்ற ஐந்தையும் அதை வைத்தே குறித்து வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் நாடாவால் அளந்தால் ஒன்று 2 மில்லிமீற்றர் பிசகும், முறுக்கு அங்கே பிறக்கும்.

தொட்டியை ஏற்றமுன் பாரம் வைத்துப் பாருங்கள். 50 கிலோ சீமெந்து மூட்டை 12 என்றால் சரியாக 600 கிலோ: மூன்று மூன்றாக நாலு அடுக்கு. கீழ் அடுக்கு வைத்ததும் ஒரு தடவை, முழுதும் ஏற்றியதும் ஒரு தடவை, அடுத்த நாள் இறக்கமுன் ஒரு தடவை முன்சட்டத்தில் நூல் பிடித்து அளவுங்கள், மூலைவிட்டத்தையும் பாருங்கள். முழுப் பாரத்தில் தொய்வு 1 மில்லிமீற்றருக்குள் நின்று, அடுத்த நாளும் மாறாமல் இருந்தால் தொட்டியை ஏற்றலாம். வீடு கட்டும் யாரிடமாவது மூட்டையை ஒரு நாளைக்கு இரவல் வாங்கலாம். மாரி என்றால் மேலே பொலித்தீன் போட்டுத் திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் 12 மூட்டைக்கும் காசு கொடுக்க வரும்.